ஒயரிங் கொட்டேஷன் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தனியே வேலை எடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இன்னமும் வாய்ப்பேச்சில்தான் ஆரம்பிக்கிறார்கள். "போட்டுக் கொடுங்க, முடிச்சதும் பேசிக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். இவரும் தலையாட்டிவிட்டு ஸ்லாபில் பைப் போடப் போய்விடுவார். கான்கிரீட் போட்ட பிறகு பேரம் பேச என்ன மிச்சம் இருக்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் செல்லும்தான். ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிக்க வேண்டுமே. லெட்டர்பேட் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "சரி" என்று பதில் வந்தபின் பைப்பைத் தொடுங்கள்.

எழுதிக் கொடுப்பவர்களும் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

"பாயிண்ட்" என்றால் எது என்று எழுதாமல் விடுவது

"பாயிண்ட்டுக்கு 300 ரூபாய், லேபர் மட்டும்." பல கொட்டேஷன்கள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. சண்டை பிறப்பதும் இந்த வரியில்தான்.

ஒரு பெட்ரூமை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவதை எண்ணுவார்: டியூப்லைட் 2, ஃபேன் 1, நைட் லேம்ப் 1, ஏசி 1. ஆக 5. எலக்ட்ரீஷியன் அந்த ஐந்தோடு சுவிட்ச் போர்டில் இருக்கும் 6 ஆம்ப் பிளக் 1, கட்டில் பக்கத்துப் பிளக் 1, டூவே சுவிட்ச்சுக்கு (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட, அணைக்க) 1 என்று சேர்ப்பார். ஏசிக்கு டிபி-யிலிருந்து (வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனி ஒயர் வருவதால் அதை 2 என்பார். ஆக 9. ஒரே அறையில் 4 பாயிண்ட், 1,200 ரூபாய் வித்தியாசம். மூன்று பெட்ரூமுக்கு 3,600. ஹால், கிச்சன், மாடிப்படி இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் "ஏமாத்திட்டான்" என்ற பேச்சு எலக்ட்ரீஷியன் தலையில்தான் விழும். காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) நேராக வெட்டி, ஒயரை அடிபடாமல் இழுத்து, சுத்தமாக வேலை பார்த்தவர் இந்த ஒரு வரியால் கெட்ட பெயர் வாங்குவதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் பாயிண்ட் ஒயரிங் தனி. டிபி-யிலிருந்து சுவிட்ச் போர்டு வரை வரும் சர்க்யூட் ஒயருக்கு மீட்டர் கணக்கு. வீட்டு வேலையில் அத்தனை பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் போர்டிலேயே இருக்கும் பிளக் அரை பாயிண்ட்டா முழு பாயிண்ட்டா, டூவேக்கு எத்தனை, 16 ஆம்ப் பிளக்கும் ஏசியும் கீசரும் மோட்டாரும் எந்த ரேட்டு, டிபி மாட்டுவதும் மெயின் ஒயர் இழுப்பதும் எர்த் போடுவதும் இதில் அடக்கமா என்பதெல்லாம் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டுக்காரரைக் கூடவே வைத்துக்கொண்டு சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். அறை அறையாக இப்படி எழுதுங்கள்:

பெட்ரூம் 1: லைட் 2, ஃபேன் 1, நைட் லேம்ப் 1, டூவே 1, 6 ஆம்ப் பிளக் 2, ஏசி 1 (2 பாயிண்டாக) = 9.

கடைசியில் இன்னொரு வரி: லிஸ்ட்டில் இல்லாத பாயிண்ட்டுக்கு இதே ரேட்டு, பூச்சு முடிந்த பிறகு கேட்டால் தனி ரேட்டு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

காடியைப் பூசுவது யார்?

கொத்தனார்தான். அவர் கூலி யாருடையது என்று எழுதுங்கள். எர்த் குழி தோண்டுவதற்கும், கரி, உப்பு வாங்குவதற்கும் இதேதான்.

மெட்டீரியலோடு ரேட்டு, ஆனால் சைஸ் இல்லை

"நல்ல கம்பெனி ஒயர்" என்று எழுதினால் எழுதாத மாதிரிதான். கம்பெனி பெயரோடு, லைட்டுக்கும் ஃபேனுக்கும் 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. என்று போடுங்கள். இல்லையென்றால் 1 சதுர மி.மீ. ஒயரை வைத்துக் குறைத்துச் சொல்பவரின் தொகைதான் வீட்டுக்காரர் கண்ணில் படும். காப்பர் விலை ஏறி இறங்கும். அதனால் "இந்த ரேட்டு 15 நாளுக்கு மட்டும்" என்பதும் வேண்டும். 90 மீட்டர் சுருளில் மிஞ்சும் ஒயர் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸை எழுதி, மீதியை விடுவது

ஸ்லாப் பைப் முடிந்ததும், காடி வெட்டி பாக்ஸ் வைத்ததும், ஒயர் இழுத்ததும், சுவிட்ச் மாட்டியதும் என்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும். ஒயர் இழுத்த பிறகு பெயின்ட் வேலை நடுவே வரும். அது மாதக்கணக்கில் தள்ளிப்போனால் உங்கள் கூலியும் அங்கேயே தங்கிவிடும்.

ஜிஎஸ்டி

பதிவு இல்லாதவர் வசூலிக்கவே கூடாது. பதிவு உள்ளவர் அடக்கமா, தனியா என்று எழுதுங்கள்.

ரிப்பேருக்கும் மொத்தத் தொகை சொல்வது

பழைய வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டால், கோளாறு எங்கே என்று தெரியாமல் தொகை சொல்லாதீர்கள். பார்க்கும் கூலியை மட்டும் முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றிப் பார்த்து, எந்த லைனில் லீக்கேஜ் என்று தெரிந்தபின், சரிசெய்யும் தொகையை இரண்டாவதாக எழுதி "சரி" வாங்குங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.