பிரேக்கில் ஏர் எடுத்த பிறகும் பெடல் அமுங்குதா?

டிஸ்க் பிரேக்கின் காலிப்பரோ, டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டரோ, ஆயில் போகிற ஹோஸோ, எதை மாற்றினாலும் லைனைத் திறந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது.

ராமநாதபுரம் கரையோர வண்டிகளில் முதல் தவறு ஏர் எடுக்கத் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை உப்புக்காற்றில் நிற்கிற வண்டியில், ஏர் எடுக்கத் திறக்கிற சிறு திருகான நிப்பிள் துருவேறி இறுகிப்போயிருக்கும். ஓபன் ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கும். இன்னும் பலம் கொடுத்தால் நிப்பிள் ஒடிந்து, பாதி காலிப்பருக்குள் நின்றுவிடும். ஆகவே பழைய பாகத்தைக் கழற்றும் முன்பே எல்லா நிப்பிளும் இளகுகிறதா என்று பாருங்கள். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, ஆறு பக்கமும் கவ்வுகிற பாக்ஸ் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, பிறகு திறக்க வேண்டும். ஸ்பிரே பிரேக் பேடிலும் டிஸ்க்கிலும் படவே கூடாது.

அடுத்தது ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது தர அளவு. மண்டபம், ராமேஸ்வரம் சமதளச் சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது. அதே வண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும்போது ஆயில் கொதித்து, ஆவி குமிழாகிப் பெடல் தரையைத் தொடும். போன மாதம் திறந்து மூடி வைத்த டப்பாவை எடுக்காதீர்கள். டியூப் வழியே வெளியேறிய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். முழு வண்டிக்கும் பழசை வெளியேற்றிப் புதுசு நிரப்ப ஏறக்குறைய 1 லிட்டர் வேண்டும். எஞ்சின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எஞ்சினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் கீழே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முதலிலேயே எடுத்தால் மரை வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். படபடவென்று பம்ப் பண்ணினால் குமிழ்கள் நுரையாகி ஆயிலோடு கலந்துவிடும். பெடல் மிதியால் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழையது என்றால் பெடலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகச் சீல் தொடாத பகுதியில் துரு இருக்கும். அடிவரை மிதித்தால் சீல் கிழியும். ஆயில் தொட்டியான ரிசர்வாயரில் அளவு குறைந்து காற்று புகுந்தால் எல்லாம் முதலிலிருந்துதான்; சில மிதிக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது ஏர் எடுக்கும் பொதுவான வரிசை. ஒரு முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்காகப் பிரித்த லைனில் இது மாறலாம். அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே சரி.

இவ்வளவு செய்தும் பெடல் இறுகவில்லையா? காலிப்பர்கள் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நிப்பிள் கீழே இருந்தால் மேலே தங்கிய காற்று எத்தனை முறை ஆயில் விட்டாலும் வராது. பின்பக்கம் டிரம் என்றால், அதை உரசி நிறுத்துகிற ஷூ அட்ஜஸ்ட் செய்யாததால் வரும் நீண்ட மிதியைக் காற்று என்று தவறாக எண்ணுவதுண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல வண்டிகளில் வண்டிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரால் அதன் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும்.

கடைசியாக, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சற்று இறங்கி நின்றால் அது மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டர் வேலை செய்வது. பெயின்ட்டில் சிந்திய ஆயிலைத் தண்ணீரால் உடனே கழுவி, ஒவ்வொரு நிப்பிளுக்கும் ரப்பர் மூடியைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறைக்குள் உப்பு நீர் துளைக்குள் புகுந்து நிப்பிளை அடைத்திருக்கும்.