குட்டி யானையில் எத்தனை மூட்டை ஏற்றலாம்?

சொந்தக் கடைக்குச் சரக்கு எடுக்கக் குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) வாங்கினேன். ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) லேடன் வெயிட், அதாவது பாரத்தோடு வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, 1,550 கிலோ; அன்லேடன் வெயிட், அதாவது காலி வண்டியின் எடை, 800. கழித்தால் 750. சரி, 50 கிலோ சிமெண்ட் மூட்டை 15 என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 1,800 காட்டியது.

முதலில் ஆர்சியில் அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலி வண்டியை எடை போடுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். சட்டப்படி அன்லேடன் வெயிட்டில் ஓட்டுநர், உதவியாளர் எடை சேராது. நானும் தம்பியும் சேர்ந்து 140 கிலோ. வாங்கிய பிறகு அடித்த இரும்புக் கூண்டு 110. கூடுதலாக வந்த 250 கிலோ இதுதான். ஆகவே வழக்கமாக உடன் வருகிறவரை உட்காரவைத்து, டீசல் நிரப்பி, மேடையில் ஏற்றுங்கள். மேடையின் திரையில் சிவப்பு எண் ஆடாமல் நிற்கும்வரை யாரும் இறங்க வேண்டாம். லேடன் வெயிட்டிலிருந்து இந்த எண்ணைக் கழியுங்கள். எனக்கு 500, அதாவது 10 மூட்டை.

பெரிய லாரி ஏறும் மேடையில் எண் பத்து, இருபது கிலோவாகத் தாவும். சின்ன வண்டிக்குச் சின்ன மேடையே மேல். எடைச் சீட்டை ஆர்சியோடு வையுங்கள்.

கூண்டு விஷயம் அதோடு முடியவில்லை. காலி எடையே ஆர்சியில் உள்ளதைத் தாண்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆவது பிரிவு. மூட்டையே இல்லாமல் போனாலும் என் வண்டி தப்பில்தான் ஓடியிருக்கிறது! கூண்டைக் கழற்றினேன். இப்போது 12 மூட்டை. 65 கிலோ தம்பி வராத நாளில் 13.

அதிக பாரத்துக்கு 194ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இறக்கும் கூலியும் நம் தலையில்தான். இறக்காமல் வண்டி நகராது. எடை போட மறுத்தால் 40,000.

பின்சேர்க்கை: டிரெய்லர் இழுத்தால் பாரத்தை வண்டிக்கும் அதற்கும் பங்கிட்டுக் காட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. டிரெய்லருக்குத் தனி ஆர்சி, தனி வரம்பு. இரண்டில் எது தாண்டினாலும் குற்றம். கொக்கியைக் கழற்றி, டிரெய்லரைத் தனியாக எடை போட்டுக்கொள்ளுங்கள்.