பறவையின் பெயர் மாறும்போது செய்யக்கூடாதவை

உழும் வயலில் மாட்டின் காலடியை ஒட்டியே நடக்கும் உண்ணிக்கொக்கை நமக்கெல்லாம் தெரியும். உலகெங்கும் ஒரே இனமாக எண்ணப்பட்ட அதைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் வயல்களில் இருப்பது கிழக்கு இனம். அதன் அறிவியல் பெயரிலுள்ள 'கோரமாண்டா' நம் சோழமண்டலக் கரையைக் குறிப்பது. இப்படி அறிவிப்பு வரும்போதெல்லாம் பறவை நோக்கர்களில் சிலர் கொதிக்கிறார்கள், சிலர் குதூகலிக்கிறார்கள். அந்த வேகத்தில் செய்துவிடும் சில தவறுகள் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகின்றன.

பெரிய தவறு, பழைய குறிப்பேட்டில் பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களைப் பாருங்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு அவற்றை பாணாசுரம், நீலகிரி, பழனி, அகத்தியமலை என நான்கு இனங்களாகக் காட்டியது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் போன்ற தாழ்நிலங்கள் குறுக்கே கிடப்பதால், சோலைக்காட்டை விட்டு இறங்காத இந்தப் பறவைகள் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்திருக்கின்றன. ஆகவே 'கொடைக்கானல், சிரிப்பான்' என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவரின் குறிப்பு இன்றும் பயன்படும்; அது பழனிச் சிரிப்பான் என்று சொல்லிவிடலாம். இடம் எழுதாதவரின் குறிப்பை மீட்க வழியில்லை. பழைய பெயரை அப்படியே விட்டு, புதியதை ஓரத்தில் எழுதுங்கள். அன்று நீங்கள் கண்டதற்கு அதுதான் சாட்சி.

இனங்களை ஒன்றாக்கும்போது வரும் கோபம் வேறு வகை. வட நாடுகளின் ரெட்போல் சிட்டுகள் மூன்று இனங்களாக இருந்து 2024இல் ஒன்றாயின. பனிக்காட்டில் வெண்ணிறமானதைத் தேடி அலைந்தவர்களுக்கு, தாங்கள் பார்த்த இனங்களின் பட்டியலில் எண் குறைந்தது. வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அவற்றின் நிற, அலகு வேறுபாடுகள் பெரும்பாலும் ஒரு குரோமோசோமின் தலைகீழான பகுதியோடு தொடர்புடையவை என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது; தனித்தனி இனம் என்று சொல்ல அது போதாது. இனி வேறுபாட்டைக் குறிக்க வேண்டாம் என்று விட்டுவிடுவதுதான் இழப்பு. பறவை நோக்கர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் அந்த வடிவங்களைத் தனித்தனியே பதிய இன்றும் வழி இருக்கிறது.

உலகப் பறவை இனங்களை வகுத்துத் தரும் பட்டியல்கள் பல; எல்லாம் ஒன்றே என நம்புவதும் தவறு. 11,131 இனங்களோடு 2025 ஜூனில் வந்த அவிலிஸ்ட் அவற்றை இணைக்கும் முயற்சி. எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள், அது எந்த ஆண்டுடையது என்பதைக் குறிப்பில் சேருங்கள்.

வெளிநாட்டில் பார்த்த உண்ணிக்கொக்கை உடனே 'மேற்கு' என்று உங்கள் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் கிழக்கு இனத்துக்குத் தலையும் கழுத்தும் முழுக்கச் செம்மஞ்சளாகும். மற்ற மாதங்களில் இரண்டும் வெள்ளைதான், பிரித்தறிவது மிகக் கடினம். எந்த ஊர், எந்த மாதம் என்பதை முதலில் பாருங்கள்.