ஆரக்கிள் கற்கிறீர்களா? படிப்படியாகத் திறந்து பாருங்கள்

ஆரக்கிள் டேட்டாபேஸ் மென்பொருளின் கட்டமைப்புப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, சோதனைக் கணினியில் டேட்டாபேஸை நிறுத்திவிட்டுப் படிப்படியாகத் திறந்து பார்ப்பது மேல்.

முதலில் 'ஸ்டார்ட்அப் நோமவுண்ட்'. பாராமீட்டர் ஃபைலை (அமைப்பு மதிப்புகள் உள்ள கோப்பு) மட்டும் படித்து எஸ்ஜிஏ எனும் பகிர்வு நினைவகமும் பின்னணி புராசஸ்களும் எழும், இதுதான் இன்ஸ்டன்ஸ். இப்போது வி$டேட்டாபேஸில் (டேட்டாபேஸின் விவரம் காட்டும் வியூ) குவெரி போட்டால் 'மவுண்ட் ஆகவில்லை' என்று எரர் வரும். வரட்டும். அப்புறம் 'ஆல்டர் டேட்டாபேஸ் மவுண்ட்': டேட்டா ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் கன்ட்ரோல் ஃபைல் படிக்கப்படும், அதே குவெரி ஓடும். பயனர் பட்டியலான டிபிஏ_யூசர்ஸ் மட்டும் 'ஓப்பன்' ஆகும்வரை கிடைக்காது; அந்த விவரம் டேட்டா ஃபைலுக்குள் இருக்கிறது.

துணிச்சல் இருந்தால் (சோதனைக் கணினியில் மட்டும்!) ஓர் அப்டேட்டை கமிட் செய்த (உறுதிப்படுத்திய) கையோடு 'ஷட்டவுன் அபார்ட்' (திடீர் நிறுத்தம்) கொடுங்கள். மறுபடி திறந்தால் மாற்றம் அப்படியே இருக்கும். கமிட்டின்போதே அது மாற்றங்களைப் பதியும் ரீடூ லாக்கில் எழுதப்பட்டுவிட்டது; திறக்கும்போது ஆரக்கிள் அதிலிருந்து மீட்டுக்கொள்ளும். மீட்பு நடந்த வரிகளை ஆரக்கிளின் நிகழ்வுப் பதிவான அலர்ட் லாகில் பார்க்கலாம்.