குளக்கரையில் பெரிய தட்டான்களை இனம் காண்பது எப்படி

பெரிய தட்டானை நிறத்தை வைத்து மட்டும் இனம் காணப் போனால் ஏமாந்துபோவோம். புதிதாகத் தோலுரித்து வந்தது வெளிறிக் கிடக்கும்; செத்ததின் கண் நிறமோ சீக்கிரமே மங்கிவிடும். எனவே முதலில் அது உட்காருகிறதா என்று பாருங்கள். அடுத்து, இரண்டு கண்களும் தலையுச்சியில் ஒட்டியிருக்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்று பாருங்கள்.

தண்ணீர்மேல் நீட்டிய குச்சி நுனியில் உட்கார்ந்து, விரட்டினாலும் அதே நுனிக்குத் திரும்பி வரும் கறுப்பு மஞ்சள் தட்டானா? தமிழ்நாட்டுக் குளங்களில் அது பெரும்பாலும் இக்டினோகாம்பஸ் ராபாக்ஸ். கண்கள் நன்றாக விலகியிருக்கும். வாலின் எட்டாம் கண்டத்தில் (வளையம்போன்ற துண்டில்) இருபுறமும் இலைபோல ஒரு மடல் விரிந்திருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

உட்காராமல் கரையோரம் ஒரே தடத்தில் போய்வந்துகொண்டிருப்பது அனாக்ஸ் இனம். கண்கள் நீளமாக ஒட்டியிருக்கும். அதில் அனாக்ஸ் குட்டாட்டஸுக்கு மார்பு பச்சை, வாலின் தொடக்கம் நீலம், மீதி வால் கருமையில் வெளிர்ப்புள்ளிகள். இறக்கை விரிப்பு சுமார் 10 செ.மீ. இதைத் துரத்திப் படம் எடுக்க முடியாது. அது கடந்துபோகும் இடத்தைப் பார்த்துவைத்து, அங்கே ஃபோகஸைக் கையால் நிறுத்தி, ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்துக் காத்திருங்கள். அனாக்ஸ் இண்டிகஸும் ஏறக்குறைய இதே சாயல்தான். ஆகவே முதுகுப் படம் மட்டும் போதாது. முகம், பக்கவாட்டு, வால்நுனிக் கொக்கி மூன்றும் வேண்டும். பெண் தட்டான் செடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, வாலைத் தண்ணீருக்குள் விட்டு, தண்டைத் துளைத்து முட்டையிடும். நெருங்கிப் படமெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நீர்ச்செடிகளை ஒன்றுவிடாமல் வாரியெடுத்த குளத்தில் அதற்கு முட்டையிட இடமே இல்லை; குளம் தூர்வாருகிறவர்கள் ஒரு ஓரத்தையாவது விட்டுவைக்க வேண்டும்.

பகலில் நிழற்புதரில் தொங்கிக் கிடந்து, அந்திக் கருக்கலில் பறப்பது கைனகாந்தா. வாலின் மூன்றாம் கண்டம் இடுப்புபோல ஒடுங்கியிருக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

ஐப்பசி மழையை ஒட்டித் திறந்தவெளியில் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டானைப் பலர் இந்தப் பெரியவற்றோடு சேர்த்துவிடுகிறார்கள். அது பாண்டாலா ஃப்ளேவசென்ஸ். உடல் 5 செ.மீ. அளவுதான். பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீர் என்று நினைத்து முட்டையிடப் பார்ப்பதும் இதுதான்.

தட்டானே கண்ணில் படாவிட்டால் தண்ணீரில் வளர்ந்த இளம்புழு தண்டுகளில் உரித்துவிட்டுப்போன தோலைத் தேடுங்கள். கீழுதடு தட்டையாக இருந்தால் அனாக்ஸ் அல்லது இக்டினோகாம்பஸ் பக்கம். கரண்டிபோலக் குழிந்து முகத்தை மூடியிருந்தால் பாண்டாலா பக்கம்.