நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ராடார் டிடெக்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

போலீஸ் வேகத்தை அளக்க வீசும் ராடாரை முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கும் கருவிதான் ராடார் டிடெக்டர். அமெரிக்காவில் அதை வாங்குமுன், நீங்கள் போகும் வழியில் எந்தெந்த மாநிலங்கள் வருகின்றன என்று பாருங்கள். வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் கருவிக்கே தடை. கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் முன்கண்ணாடியில் ஒட்டக் கூடாது, டேஷ்போர்டில் வைக்கலாம். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளுக்கு நாடு முழுக்க அனுமதியில்லை. கனடாவுக்குள் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒன்டாரியோ, கியூபெக் இரண்டிலும் தடை.

போலீஸ் ராடார் இன்று பெரும்பாலும் கேஏ பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுப்பில் இயங்குகிறது: 33.8, 34.7, 35.5 கிகாஹெர்ட்ஸ். 24.15-இல் உள்ள கே பேண்டும் சில ஊர்களில் புழக்கத்தில் உண்டு. எக்ஸ் பேண்ட் கிட்டத்தட்ட ஓய்வு பெற்றுவிட்டது, அணைத்து வைக்கலாம். தொல்லையெல்லாம் கே பேண்டில்தான். பக்கத்து காரில், ஓட்டுநர் கண்ணுக்கு மறைவாக வரும் வண்டியை உணரும் பிளைண்ட் ஸ்பாட் சென்சார், கடை வாசலில் தானே திறக்கும் கதவு எல்லாம் அதே அலைவரிசை. மலிவான கருவி எல்லாவற்றுக்கும் கத்தும். 'புலி வருது' கதைதான்: மூன்றாம் மணி நேரத்தில் நீங்களே சத்தத்தைக் குறைத்துவிடுவீர்கள், நிஜமான கேஏ அதற்குப் பிறகு வரும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த சென்சார்களின் அலையை அடையாளம் கண்டு ஒதுக்கும் பிளைண்ட் ஸ்பாட் வடிகட்டி. அடுத்தது ஜிபிஎஸ் லாக்அவுட்: நகராத பொய்ச் சிக்னல்களை இடத்தோடு நினைவில் வைத்து, மறுமுறை வாயை மூடிக்கொள்ளும். தினமும் ஒரே வழியில் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி. புதுப்புது சாலையில் போகிறவருக்கு அவ்வளவு உதவாது. திசை காட்டும் அம்புக்குறி மூன்றாவது. ஆபத்து முன்னாலா, தாண்டி வந்துவிட்டோமா என்பது அதில்தான் தெரியும். யூனிடன் ஆர்8-இல் அம்புக்குறி, ஜிபிஎஸ் இரண்டும் உண்டு. வாலன்டைன் ஒன் ஜென்2-இல் அம்புக்குறி உண்டு, ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசிச் செயலி வேண்டும். அம்புக்குறி வேண்டாம் என்றால் யூனிடன் ஆர்4 போதும், பணமும் மிச்சம்.

தொலைவு எவ்வளவு வேண்டும்? மணிக்கு 75 மைலில் ஒரு மைலைக் கடக்க 48 விநாடி. சமவெளியில் தொடர்ந்து வீசும் ராடாரை ஒரு மைல் முன்னால் பிடித்தாலே தாராளம். கூடுதல் உணர்திறன் கைகொடுப்பது மேட்டிலும் வளைவிலும், குறிப்பாக 'இன்ஸ்டன்ட் ஆன்' இருக்கும்போது. போலீஸ்காரர் ராடார் துப்பாக்கியை அணைத்தே வைத்திருந்து, ஒரு காரைக் குறிவைக்கும்போது மட்டும் அழுத்துவார். முன்னால் போகிற காரில் பட்டுச் சிதறும் அந்த இரண்டு விநாடி அலைதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. முன்னால் வண்டியே இல்லையென்றால் எச்சரிக்கையும் இல்லை.

போலீஸ் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று நம்பி எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். 1,000 அடியில் அதன் கற்றை சுமார் மூன்றடி அகலம்தான். கருவி கத்தும்போது பெரும்பாலும் உங்கள் வேகம் பதிவாகிவிட்டிருக்கும். சாலையில் இரண்டு கோடுகளுக்கு இடையே நேரம் எடுத்து வேகத்தைக் கணக்கிடுகிற போலீஸாரையும் விமானத்திலிருந்து பார்க்கிறவர்களையும் எதுவும் காட்டாது. ராடாரைக் குழப்பும் ஜாமர் கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம், அந்தப் பக்கம் போகவேண்டாம்.

சட்டம் இடம் கொடுக்கும் மாநிலத்தில் ரியர்வியூ கண்ணாடி அருகே, உயரத்தில், மட்டமாகப் பொருத்துங்கள். மேலே இருக்கும் சாயப் பட்டையோ வைப்பரோ மறைக்கக் கூடாது. உலோகப் பூச்சுள்ள கண்ணாடியானால் சிக்னல் வெகுவாகக் குறையும். பூச்சில்லாத சிறு இடம் விட்டிருக்கிறார்களா என்று காரின் கையேட்டில் பாருங்கள். மின்சாரத்தை, சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸிலிருந்து எடுங்கள், இல்லையேல் பேட்டரி இறங்கும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு நீண்ட பயணம் போய் வந்துவிடுங்கள். பொய்ச் சத்தம் தாங்குமா என்பது அதில்தான் தெரியும்.