தில்லிக்கு வரும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ராத்திரி எட்டேகால் மணிக்கு, மச்சான் முறையில் ஒருவர் போன் செய்தார். "மாப்ளே, ஸ்டேஷனுக்கு வந்துட்டோம். போர்டுல நம்ம வண்டியவே காணோம்." எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். "என்ன கேள்வி இது, தில்லி ஸ்டேஷன்தான்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கேள்விக்கு இதே பதிலை 2012-இல் நானும் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை கிடைத்து இங்கேயே குடிவந்து, ஊரிலிருந்து வருகிறவர்களை வரவேற்பதும் வழியனுப்புவதுமாகவே பல விடுமுறைகள் போயிருக்கின்றன. பர்ஸை முன்பாக்கெட்டில் வையுங்கள், ஆட்டோவில் ஏறும்முன் பேசிவிடுங்கள் என்றெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

தில்லி என்றால் ஒரே ஸ்டேஷன் என்று நினைப்பது

தில்லியில் வெளியூர் ரயில்கள் கிளம்பும் பெரிய நிலையங்களே நான்கைந்து இருக்கின்றன. சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியில் நிற்கும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஜ்ரத் நிஜாமுதீனோடு முடிந்துவிடும். கிழக்கே போகும் வண்டிகள் பல ஆனந்த் விஹாரிலிருந்து புறப்படும். சராய் ரோஹில்லா என்று ஒன்று தனியாக இருக்கிறது. இவற்றோடு பழைய தில்லி ஸ்டேஷன். நம்மவர்களைக் கவிழ்ப்பது இதுதான். இதன் அதிகாரபூர்வப் பெயர் தில்லி ஜங்ஷன், நிலையக் குறியீடு டி.எல்.ஐ. டிக்கெட்டில் 'புது' என்ற சொல் இல்லாமல் வெறும் 'டெல்லி' என்று இருந்தால் அது பழைய தில்லி. புது தில்லியின் குறியீடு என்.டி.எல்.எஸ்.

2012 மே மாதம். நான், மனைவி, மாமனார், மாமியார் நான்கு பேரும் சிம்லாவுக்குக் கிளம்பினோம். முப்பத்து மூன்று மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து காலையில் புது தில்லியில் இறங்கினோம். பெட்டிகளை அங்கேயே பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு ஊர் சுற்றினோம். சிம்லா மலை ரயிலுக்கு மாறும் ஊரான கால்காவுக்குப் போகும் வண்டி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். இறங்கின ஸ்டேஷனிலேயே ஏறப்போகிறோம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். டிக்கெட்டை இரண்டு மாதம் பையில் வைத்திருந்தேன், ஒருமுறைகூட ஸ்டேஷன் பெயரைப் படிக்கவில்லை.

எட்டரை மணிவரை பஹாட்கஞ்ச் பக்கம், முதல் பிளாட்ஃபாரத்தில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமனார்தான் கேட்டார்: "மாப்ள, நம்ம வண்டி பேரு எழுதலையே?" விசாரணை ஜன்னலில் இருந்தவர் டிக்கெட்டை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "புரானி தில்லி ஜாயியே." பழைய தில்லிக்குப் போங்கள் என்று அர்த்தம்.

அங்கிருந்து பழைய தில்லி ஸ்டேஷன் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் சதர் பஜார் இருக்கிறது. தள்ளுவண்டி, சைக்கிள் ரிக்‌ஷா, சரக்கு இறக்கும் டெம்போ எல்லாம் ஒரே தெருவில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு ஆட்டோவில் போனோம். மாமனார் மாமியாரின் ஆட்டோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதோடு முடியவில்லை. மறுநாள் காலை கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் மலையேறும் சின்ன ரயிலிலும் இடம் போட்டிருந்தோம். அதுவும் போயிற்று. இப்போதெல்லாம் நாமே தவறவிட்ட வண்டிக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ராத்திரியோடு ராத்திரியாக நான்கு பேருக்கு டாக்ஸி பிடித்தேன். அந்தப் பணத்தில் இன்னொருமுறை சென்னைக்குப் போய்வந்திருக்கலாம்.

பணத்தைவிட எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறு. புது தில்லி ஸ்டேஷனின் மறுபக்கம், அஜ்மேரி கேட் வாசலில், மெட்ரோ இருக்கிறது. மஞ்சள் தடத்தில் ஏறினால் அடுத்தது சாவ்ரி பஜார், அதற்கடுத்தது சாந்தினி சௌக். பழைய தில்லி ஸ்டேஷன் அங்கிருந்து நடக்கிற தூரம். இரண்டே நிறுத்தம்! காலையில் அதே மெட்ரோவில்தான் ஊர் சுற்றப் போயிருந்தோம். மாமனார் இதை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே டிக்கெட் போட்ட அன்றே நிலையக் குறியீட்டைப் பார்த்து, பக்கத்தில் எந்த மெட்ரோ என்பதையும் எழுதி வையுங்கள். பழைய தில்லிக்கு சாந்தினி சௌக். நிஜாமுதீனுக்கு பிங்க் தடத்தில் சராய் காலே கான்-நிஜாமுதீன். அதே பிங்க் தடம் ஆனந்த் விஹாருக்கும் போகும். நிஜாமுதீனில் இறங்கி ஆனந்த் விஹாரில் வண்டி மாறுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவே ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் வண்டி. 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை, அதாவது முன்பதிவு எண்களை, இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பயணிக்காத பகுதிக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் திரும்பும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்களாக வேறு ஸ்டேஷனுக்குப் போய் நின்றால் இது உதவாது, அது வேறு கதை.

மச்சானுக்கு என்ன ஆயிற்று என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அஜ்மேரி கேட் பக்கம் ஓடச் சொன்னேன். வண்டி எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஏறி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நன்றி சொன்னவர், "இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மெட்ரோ நிலையத்தின் பெயரை நம்புவது

குதுப்மினார் நிலையத்தில் இறங்கினால் குதுப்மினார் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது. அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். இந்தியா கேட் பெயரில் நிலையமே கிடையாது. கன்னாட் பிளேஸுக்கு மெட்ரோவில் பெயர் ராஜீவ் சௌக். மாறாக, செங்கோட்டைக்கு லால் கிலா நிலையம் சரியாகவே கொண்டுபோய் விடும்.

நீலத் தடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. யமுனா பேங்க் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று நொய்டாவுக்கு, மற்றது வைஷாலிக்கு. அக்ஷர்தாம் இருப்பது நொய்டா கிளையில். வைஷாலி வண்டியில் ஏறிய என் பெரியப்பா, லக்ஷ்மி நகர் வந்த பிறகும் "கோயில் எங்கேடா?" என்று ஜன்னலில் தேடிக்கொண்டிருந்தார். பிளாட்ஃபாரத்தில் வண்டி வருமுன் கடைசி நிலையத்தின் பெயர் போர்டில் ஓடும், அதைப் பாருங்கள். தவறாக ஏறிவிட்டால் பதற வேண்டாம், யமுனா பேங்கிலேயே இறங்கி மாறலாம்.

முதல் பெட்டி

மெட்ரோவில் அது பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஏறினால் அபராதம்.

திங்கட்கிழமை

செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றும் மூடியிருக்கும். தாஜ்மகாலுக்கு விடுமுறை வெள்ளி.

ஸ்டேஷன் வாசலில் அக்கறையாகப் பேசுபவர்

உங்கள் ஹோட்டல் மூடிக்கிடக்கிறது, உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது என்பார். நடந்துகொண்டே இருங்கள்.

ஏர்போர்ட் மெட்ரோ எல்லா டெர்மினலுக்கும் போகும் என்று நினைப்பது

புது தில்லி ஸ்டேஷனிலிருந்து சுமார் இருபது நிமிடத்தில் விமான நிலையம் போகும் ஆரஞ்சுத் தடம் அருமையானது. ஆனால் அது போவது மூன்றாவது டெர்மினலுக்கு. இரண்டாவது அங்கிருந்து நடக்கும் தூரம்தான். முதல் டெர்மினல் சாலை வழியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு மஜந்தா தடம் தனியாக உண்டு. கிளம்பும் நாளன்று டெர்மினல் எண்ணை இன்னொருமுறை பாருங்கள், விமான நிறுவனங்கள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

ஜனவரி முதல் வாரத்தில் அதிகாலை விமானம்

மலிவாகக் கிடைக்கிறது என்று போடுவார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை விடியற்காலையில் மூடுபனி ஓடுதளத்தையே மறைக்கும். ஐந்து மணி விமானத்துக்கு மூன்று மணிக்கு எழுந்து போய், பதினொரு மணிக்குக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் போடுங்கள். ரயில்களும் இதே நாட்களில் பல மணி நேரம் பிந்தி வரும்.

ஒரு ஸ்வெட்டர் போதும் என்பது

போதாது.